பொய்க் காட்லிங் அந்துப்பூச்சி: ஒரு சின்னப் பழுப்புப் பூச்சியைப் பெயர் சொல்லி அழைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

விளக்கடியில் வந்து உட்கார்ந்த ஒரு சின்னப் பழுப்பு அந்துப்பூச்சியைப் படம் எடுத்து, "இது என்ன பூச்சி?" என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நாலு பெயர் வந்துவிடும், கேட்டவரும் அதில் நன்றாக ஒலிக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார். உள்ளங்கை அகலத்துக்கு இறக்கை விரிக்கும் பெரிய பூச்சி என்றால் அந்தப் பெயர் சரியாகவும் இருக்கலாம். சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும் பூச்சியில் அது பெரும்பாலும் யூகம்தான். படத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடலாம் என்ற இந்த நம்பிக்கையோடு கூடவே இன்னும் இரண்டு பேச்சுகள் அடிக்கடி காதில் விழுகின்றன. ஒன்று, "விஞ்ஞானிகள் சும்மா சும்மா பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்" என்பது. இன்னொன்று, "இப்போதுதான் டி.என்.ஏ. இருக்கிறதே, அதைப் பார்த்தால் முடிந்தது" என்பது.

மூன்றுமே பாதி உண்மை. மீதிப் பாதி எங்கே என்று காட்ட ஒரே ஒரு பூச்சியை எடுத்துக்கொள்கிறேன். ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, மிகச் சாதாரணமான தோற்றம், ஆனால் அதன் புழு ஒன்று ஆரஞ்சுப் பெட்டிக்குள் இருந்தால் சரக்கு முழுவதும் துறைமுகத்தில் நின்றுவிடும்.

## யார் இந்தப் பூச்சி?

ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் "பொய்க் காட்லிங் அந்துப்பூச்சி". சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காதான் இதன் சொந்த ஊர். எத்தியோப்பியா, செனகல் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்கா வரைக்கும் உண்டு. இறக்கையை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 15 முதல் 20 மில்லிமீட்டர், அவ்வளவுதான். பெண் கொஞ்சம் பெரிது, ஆண் கொஞ்சம் சிறிது. பகலில் மரத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும், இரவில்தான் நடமாட்டம்.

பெண் பூச்சி பழத்தின் மேலேயே ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். தட்டையான, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முட்டை. அதிலிருந்து வரும் புழு நேராகத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். உள்ளேயே தின்று வளர்ந்து, வெளியே வந்து, மண்ணில் கூடு கட்டிக் கூட்டுப்புழு ஆகும். ஆரஞ்சு, மக்கடேமியா, வெண்ணெய்ப்பழம், கொய்யா, மாதுளை, குடைமிளகாய், பருத்தி, ரோஜா என்று அது தின்னும் செடிகளின் பட்டியல் 70-ஐத் தாண்டும். குளிர்காலம் வந்தால், ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் பூச்சியின் புழு மாதக்கணக்கில் உறங்கிவிடும், இதற்கு அப்படி ஓர் உறக்கநிலையே கிடையாது. தென்னாப்பிரிக்க ஆரஞ்சுத் தோட்டத்தில் வருடம் முழுக்கத் தலைமுறை மேல் தலைமுறையாக வந்துகொண்டே இருக்கும்.

இது சேர்ந்த குடும்பம் டார்ட்ரிசிடே. குடும்பம் என்றால் ஒரே மூதாதை வழி வந்த பல இனங்களின் பெரிய தொகுதி. இந்த ஒரு குடும்பத்தில் மட்டும் 11,000 இனங்கள் அளவுக்கு விவரிக்கப்பட்டிருக்கின்றன, அதில் பெரும்பான்மை சின்னதாய், பழுப்பாய், மரப்பட்டை மாதிரி மங்கலாய் இருப்பவை. நம்முடைய கஷ்டம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

## "பொய்" என்ற சொல் எப்படி ஒட்டிக்கொண்டது?

காட்லிங் பூச்சி என்பது ஆப்பிளுக்குள் புழுவாக இருக்கும் பூச்சி. ஐரோப்பாவில் காலங்காலமாகத் தெரிந்தது, உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-லேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஆகவே 1901-ல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில் பழத்துக்குள் அதே மாதிரி ஒரு புழு தென்பட்டபோது, தெரிந்த பெயரையே கொஞ்சம் மாற்றி "நட்டால் காட்லிங் பூச்சி" என்று எழுதினார்கள். 1909-ல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் ஆரஞ்சில் அதையே கண்டவர்கள் "ஆரஞ்சு காட்லிங் பூச்சி" என்றார்கள். அதோடு நிற்காமல் அறிவியல் பெயரும் கொடுத்தார்கள், பாட்ரகோபா என்று. அதுதான் தவறிப்போனது. பாட்ரகோபா என்பது உண்மையிலேயே இருக்கிற வேறொரு பூச்சி, இதற்கு நெருங்கிய சொந்தம், மக்கடேமியா கொட்டையைத் துளைப்பது.

நம் ஊரில் வீட்டுக்குள் வரும் வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துவிடுகிறார்களே, அதே கதைதான். தெரிந்த ஒன்றின் சாயல் தெரியாத ஒன்றில் இருந்தால் மனசு உடனே தெரிந்ததன் பெயரை எடுத்து அதன்மேல் ஒட்டிவிடும். "பொய்" என்ற சொல் பிற்பாடு சேர்ந்தது, "இது காட்லிங் இல்லை" என்று சொல்வதற்காக. அதனால் பொய்க் காட்லிங் என்பது காட்லிங் பூச்சியின் ஒரு வகை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து திருத்துங்கள். இரண்டும் ஒரே குடும்பம், தனித்தனி இனம், தனித்தனி வாழ்க்கை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஊர்ப்பெயர் என்பது சாயலை வைத்து வந்தது. அது பூச்சியைப் பற்றிச் சொல்வதைவிட, அதை முதலில் பார்த்தவர்களுக்கு அதற்கு முன்பு என்ன தெரிந்திருந்தது என்பதையே அதிகம் சொல்கிறது.

## பெயரும் இன்ஷியலும்

அறிவியல் பெயருக்கு இரண்டு பகுதி. முதல் பகுதி பேரினம், அதாவது நெருங்கிய சொந்தங்களாகக் கருதப்படும் இனங்களின் சிறிய கூட்டம். இரண்டாவது அந்தக் குறிப்பிட்ட இனத்துக்கே உரிய பெயர். நம் பூச்சியின் இன்றைய பெயர் தாமட்டோடிபியா லூகோட்ரீட்டா.

இதைப் புரிந்துகொள்ள நம் இன்ஷியலை நினைத்துக்கொண்டால் போதும். எஸ். வளர்மதி என்று பள்ளிக்கூடத்தில் இருந்தவர் கல்யாணத்துக்கு அப்புறம் ஆர். வளர்மதி என்று எழுத ஆரம்பிக்கிறார். ஆள் அதே ஆள், வளர்மதி என்ற பெயரும் அதேதான். எந்த வீட்டோடு சேர்த்துச் சொல்கிறோம் என்பது மட்டும் மாறியிருக்கிறது. பேரினம் என்பது இன்ஷியல் மாதிரி. ஒரு வித்தியாசம் உண்டு: பூச்சியின் விஷயத்தில் இன்ஷியல் மாறுவதற்குக் காரணம், "இது எந்த வீட்டுப் பிள்ளை" என்று முன்பு நினைத்தது தவறு என்று தெரியவருவது.

இனி நம் பூச்சியின் கதை. 1913-ல் எட்வர்ட் மெய்ரிக் என்ற ஆங்கிலேயர் இதை முறையாக விவரித்து அர்கைரோப்ளோசே லூகோட்ரீட்டா என்று பெயர் வைத்தார். மெய்ரிக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. தொழில் பள்ளிக்கூட ஆசிரியர், இங்கிலாந்தில் மார்ல்பரோ கல்லூரி என்ற பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் நடத்தியவர். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் அவருக்குப் பூச்சிகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும்கூட. சாகும்வரை அவர் பெயர் வைத்த இனங்கள் 14,000-க்கு மேல். அத்தனையும் பெரும்பாலும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தே செய்தார். அந்த உழைப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, ஆனால் லென்ஸில் தெரிகிற இறக்கையையும் நரம்பையும் மட்டும் பார்த்து உறவு சொன்னதால் அவர் சேர்த்துவைத்த பேரினங்கள் பல பின்னால் கலைந்தன.

1915-ல், அதாவது இரண்டே வருடம் கழித்து, சாஹர் என்ற ஜெர்மானியர் இதே பூச்சியை வேறொன்று என்று எண்ணித் தனியாக விவரித்தார். தாமட்டோடிபியா என்று புதுப் பேரினத்தையே உருவாக்கி, அதில் ரோரிகீ என்று இனப்பெயரும் கொடுத்தார். ஆக ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர். 1958-ல் கிளார்க் என்பவர் மெய்ரிக்கின் பூச்சியை கிரிப்டோஃப்ளேபியா என்ற பேரினத்துக்கு மாற்றினார், அதற்கப்புறம் நாற்பது வருடம் விவசாயத் துறை அறிக்கைகள் எல்லாவற்றிலும் அது கிரிப்டோஃப்ளேபியா லூகோட்ரீட்டாதான். 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர் கோமாய் இந்தச் சொந்தக்காரப் பேரினங்களை எல்லாம் உட்கார்ந்து ஒப்பிட்டு, இது கிரிப்டோஃப்ளேபியா வீட்டுப் பிள்ளை இல்லை என்று காட்டினார். அப்போது சாஹர் 1915-ல் உருவாக்கிய பேரினம் மறுபடி உயிர்பெற்றது. மெய்ரிக்கின் இனப்பெயர், சாஹரின் பேரினப்பெயர், இரண்டும் சேர்ந்து இன்றைய பெயர்.

ஏன் ரோரிகீ என்ற பெயர் நிற்கவில்லை? முந்தி வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. ஒரே மனைக்கு இரண்டு பத்திரம் இருந்தால் முதலில் பதிவான பத்திரம்தான் செல்லும் என்பது மாதிரி. தோற்றுப்போன பெயரை இணைப்பெயர் என்பார்கள். அதைத் தூக்கி எறிவதில்லை, பட்டியலில் எழுதி வைத்திருப்பார்கள், ஏனென்றால் பழைய கட்டுரைகளில் அது இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், தெரிந்துகொண்டால் வாழ்நாள் முழுக்க உதவும். பெயருக்குப் பின்னால் ஆசிரியர் பெயரும் வருடமும் எழுதுவார்கள், அதைச் சில சமயம் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள், சில சமயம் போட மாட்டார்கள். தாமட்டோடிபியா லூகோட்ரீட்டா (மெய்ரிக், 1913) என்று அடைப்புக்குறியோடு இருந்தால், "மெய்ரிக் இந்த இனத்துக்குப் பெயர் வைத்தார், ஆனால் அவர் வைத்தது வேறு பேரினத்தில்" என்று பொருள். அந்த இரண்டு வளைவுக் கோடுகளுக்குள் இடமாற்றத்தின் சரித்திரமே இருக்கிறது.

சுருக்கமாக: பேரினம் மாறுவது உறவு பற்றிய நம் புரிதல் திருந்துவதால். இனப்பெயர், அதுதான் முதலில் வைத்தது என்றால், நிலைக்கும். "சும்மா மாற்றுகிறார்கள்" என்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறார்கள்.

## மூலப்பத்திரம் எங்கே?

சரி, 1913-ல் ஒருவர் நாலு வரியில் விவரித்த பூச்சிதான் இன்று நம் கையில் இருப்பது என்று எப்படி உறுதி செய்வது? நிலம் வாங்கும்போது மூலப்பத்திரத்தைக் கேட்கிறோம் இல்லையா, பூச்சிக்கும் அப்படி ஒன்று உண்டு. அதற்கு மூலமாதிரி என்று பெயர். முதன்முதலில் விவரித்தவர் எந்தப் பூச்சியை வைத்து எழுதினாரோ, அதே பூச்சி, ஊசியில் குத்தி, சின்னத் துண்டுச்சீட்டோடு ஏதோ ஒரு அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் இருக்கும். மெய்ரிக்கின் பெருந்தொகுப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் என்பது கடைசியில் அந்த ஊசியில் இருக்கும் உடலோடு கட்டப்பட்டது. விவரணை தெளிவில்லாமல் இருந்தாலும், படம் இல்லாவிட்டாலும், சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது.

வகைப்பாட்டியல் என்றும் இனங்காணல் என்றும் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். எத்தனை இனங்கள், எது எதற்குச் சொந்தம், எதற்கு எந்தப் பெயர் என்று முடிவு செய்வது வகைப்பாட்டியல். என் கையில் இருக்கும் இந்த ஒரு பூச்சி அதில் எது என்று சொல்வது இனங்காணல். முதலாவது பத்திரப்பதிவு, இரண்டாவது இந்த நிலம் எந்தப் பத்திரத்தில் வருகிறது என்று அளந்து பார்ப்பது.

## ஆண் பூச்சி: காலைப் பாருங்கள்

இனி அளந்து பார்க்கும் வேலை. முதலில் இறக்கை. இந்தப் பூச்சியின் முன்னிறக்கை சாம்பல், பழுப்பு, கருப்பு, துரு நிறம் எல்லாம் கலந்த ஒரு கலவை. வெளிப்பக்க ஓரத்தை ஒட்டி முக்கோணம் மாதிரி ஒரு கருமையான திட்டு, அதற்கு மேலே பிறை மாதிரி ஒன்று, இறக்கையின் நடுப்பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. கிரேக்கத்தில் லூகோஸ் என்றால் வெள்ளை, ட்ரேட்டோஸ் என்றால் துளையிட்டது. அந்தப் புள்ளியைக் கண்ணால் பார்த்தவருக்கு லூகோட்ரீட்டா என்ற பெயர் மறக்காது.

ஆனால் இறக்கையின் நிறம் ரொம்ப நம்பக்கூடியது இல்லை. அந்துப்பூச்சியின் நிறமெல்லாம் செதில்களில் இருக்கிறது. விரலில் ஒட்டிக்கொள்ளும் பொடி இருக்கிறதே, அதுதான் செதில். ஓடு வேய்ந்த மாதிரி வரிசையாக அடுக்கியிருக்கும். பொறியின் பசையில் விழுந்து இரண்டு நாள் துடித்த பூச்சியின் மேல் செதில் பாதிகூட இருக்காது. செதில் போனால் படமும் போயிற்று.

நல்லவேளையாக ஆணுக்கு வேறு இரண்டு அடையாளங்கள் உண்டு. பின்னிறக்கையின் உள்மூலையில், உடம்பை ஒட்டி, வட்டமான ஒரு சின்னப் பை இருக்கும். அதில் மயிர் போன்ற நுண்ணிய கருப்புச் செதில்கள், அவற்றின்மேல் மங்கலாக மின்னும் அகலமான வெண்செதில்கள். இரண்டாவது பின்னங்கால். முழங்காலுக்குக் கீழே நம் முன்கால் எலும்பு இருக்கும் பகுதிக்குச் சமமானதைப் பூச்சியில் டிபியா என்பார்கள். ஆணின் பின்கால் டிபியாவில் அடர்த்தியான குஞ்சம் தொங்கும், பார்ப்பதற்கு அந்தக் கால் மட்டும் கம்பளி போட்டுக்கொண்டது போல இருக்கும். இந்தப் பையும் குஞ்சமும் சேர்ந்திருந்தால் ஆணை மற்ற இனங்களிலிருந்து பிரித்துவிடலாம்.

தாமா என்றால் கிரேக்கத்தில் வியப்பு. தாமட்டோடிபியா என்றால் வியக்கத்தக்க கால். சாஹர் 1915-ல் எதைப் பார்த்து அசந்து போனார் என்பது பேரினப் பெயரிலேயே எழுதியிருக்கிறது. புரியாத லத்தீன் என்று நாம் தாண்டிப் போகும் பெயருக்குள் அடையாளம் காணும் குறிப்பே இருப்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் சந்தோஷம் தருகிற விஷயம்.

## பெண் பூச்சி: இங்கேதான் படம் தோற்கிறது

பெண்ணுக்குப் பையும் கிடையாது, குஞ்சமும் கிடையாது. இறக்கைக் கோலம் மட்டும்தான், அதுவும் சொந்தக்கார இனங்களின் பெண்களோடு நெருங்கி ஒத்துப்போகும். தென்னாப்பிரிக்காவிலேயே லிச்சி அந்துப்பூச்சி என்று கிரிப்டோஃப்ளேபியா பெல்டாஸ்டிகா இருக்கிறது, மேலே சொன்ன பாட்ரகோபா இருக்கிறது. எவ்வளவு நல்ல கேமராவில் எடுத்தாலும், வித்தியாசம் வெளியே தெரியும் இடத்தில் இல்லை என்றால் படத்தில் எப்படி வரும்?

வித்தியாசம் இருக்கும் இடம் வயிற்றின் நுனி, இனப்பெருக்க உறுப்பு. பூச்சிகளில் அது கெட்டியான தகடுகளால் ஆனது, கொக்கி, பல், வளைவு என்று நுணுக்கமான வடிவங்கள் கொண்டது. ஒரே இனத்துக்குள் அந்த வடிவம் பெரும்பாலும் மாறாது, அடுத்த இனத்தில் வேறாக இருக்கும். அதனால்தான் வல்லுநர்கள் வயிற்றைத் தனியே எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு மென்மையாக்கி, சதையையும் செதிலையும் தூரிகையால் நீக்கி, மிச்சமிருக்கும் தகடுகளுக்குச் சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். பொறுமையான கை வேண்டும். ஒரு பூச்சிக்கே கணிசமான நேரம் ஆகும். மெய்ரிக் செய்யாத வேலை இது, கோமாய் போன்றவர்கள் உறவுகளைத் திருத்தி எழுத முடிந்ததில் இந்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆகவே ஒரு பெண் பூச்சியின் படத்தைப் பார்த்து யாராவது உறுதியாக இனப்பெயர் சொன்னால், "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல வல்லுநர் பல சமயம் பேரினத்தோடோ குடும்பத்தோடோ நிறுத்திக்கொள்வார். அது தெரியாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், படத்தில் இருக்கும் சாட்சி அதுவரைதான் போகும்.

## புழு: மயிரை எண்ணுங்கள்

நடைமுறையில் துறைமுகத்தில் கிடைப்பது பறக்கிற பூச்சி இல்லை, பழத்துக்குள் இருக்கும் புழு. குஞ்சாக இருக்கும்போது வெளிறிய வெண்மை, முதிர்ந்ததும் இளஞ்சிவப்பு, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். "ஆரஞ்சுக்குள் ரோஸ் கலர் புழு என்றால் அதுதான்" என்று தோட்டத்தில் சொல்வார்கள். அப்படி முடித்துவிட முடியாது, கரோப் அந்துப்பூச்சி என்று முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று இருக்கிறது, அதன் புழுவும் ஆரஞ்சுக்குள் வரும், அதுவும் இளஞ்சிவப்பு.

இரண்டையும் பிரிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. புழுவின் தலைக்கு அடுத்த முதல் வளையத்தில் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும், அது மூச்சுவிடும் துளை. அதற்கு முன்னால் ஒரு சின்னத் தடித்த தட்டு, தட்டில் சில மயிர்கள். மூன்று மயிர் இருந்தால் டார்ட்ரிசிடே குடும்பம், நம் பூச்சி இருக்கும் குடும்பம். இரண்டு மட்டும் இருந்தால் கரோப் பூச்சியின் கூட்டம். ஒரே ஒரு மயிர் வித்தியாசத்தில் ஒரு சரக்குப் பெட்டியின் விதி மாறலாம்.

காட்லிங் புழுவிலிருந்து பிரிக்க வாலைப் பார்க்க வேண்டும். பொய்க் காட்லிங் புழுவின் பின்முனையில், ஆசனவாய்க்கு மேலே, சின்னச் சீப்பு மாதிரி பற்கள் இருக்கும். எச்சத்தை விலக்கி எறிய அது உதவுகிறது. காட்லிங் புழுவுக்கு அந்தச் சீப்பு கிடையாது. அப்புறம் அந்த மூன்று மயிர்த் தட்டு, நம் பூச்சியில் நீண்டு மூச்சுத்துளைக்குக் கீழேயும் பின்னாலும் போயிருக்கும். இது கிரிப்டோஃப்ளேபியா உறவினர்களிடமும் உண்டு. அதாவது புழுவை வைத்து ஒரு சின்னக் கூட்டம் வரை வந்துவிடலாம், அந்தக் கூட்டத்துக்குள் எது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

இதுவரை: ஆண் என்றால் காலும் பின்னிறக்கையும், பெண் என்றால் வயிற்றுக்குள் இருக்கும் தகடுகள், புழு என்றால் மயிரும் சீப்பும். ஒரே இனம்தான், எந்தப் பருவம், எந்தப் பால் என்பதைப் பொறுத்து அடையாளம் இருக்கும் இடம் மாறுகிறது.

## பொறியும் டி.என்.ஏ.வும்

பெண் பூச்சி ஆணை அழைக்க வெளியிடும் மணத்தைச் செயற்கையாகச் செய்து பசைப் பொறியில் வைப்பார்கள், இனக்கவர்ச்சிப் பொறி என்று நம் விவசாயிகளுக்கும் பழக்கமானதுதான். பொறியில் விழுந்ததெல்லாம் அந்த இனம் என்று எண்ணிக் கணக்குப் போடுவதில் ஓர் ஆபத்து உண்டு. மீன் வறுக்கும் வாசனைக்கு நம் வீட்டுப் பூனை மட்டுமா வருகிறது? சொந்தக்கார இனங்களின் மணமும் கொஞ்சம் முன்னே பின்னே அதே கலவைதான், அவற்றின் ஆண்களும் வந்து விழும். பொறி சொல்வது "இந்த மணத்துக்கு வந்தது" என்பதை மட்டும்தான். 2008-ல் கலிஃபோர்னியாவின் வென்ச்சுரா பகுதியில் ஒரு பொறியில் ஒரே ஒரு ஆண் கிடைத்தது, அந்த ஒன்றே அமெரிக்க அதிகாரிகளைப் பரபரப்பாக்கியது என்றால் அதன் இனத்தைச் சரியாகச் சொல்வது எவ்வளவு பொறுப்பான வேலை என்று பாருங்கள்.

டி.என்.ஏ. பட்டைக்குறி என்பது 2003-ல் கனடாவின் பால் ஹீபர்ட் குழு முன்வைத்த யோசனை. விலங்குகளின் செல்லுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் ஏறக்குறைய 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்து, ஏற்கனவே சேர்த்துவைத்திருக்கும் நூலகத்தோடு ஒப்பிடுவது. கடையில் சோப்பின் மேல் உள்ள கோடுகளை மெஷின் படித்து விலை சொல்வது மாதிரி. இதன் பெரிய பலம், முட்டையானாலும் புழுவானாலும் பெண்ணானாலும் எழுத்து அதேதான். பழத்துக்குள் கிடைத்த அரைப் புழுவையும் பெயர் சொல்லிவிடலாம்.

ஆனால் மெஷின் கோட்டைத்தான் படிக்கும். அந்தக் கோட்டுக்கு எதிரே கணினியில் "சோப்பு" என்று யாரோ ஒருவர் முதலில் எழுதியிருக்க வேண்டும், அவர் "பிஸ்கட்" என்று எழுதியிருந்தால் மெஷினும் பிஸ்கட் என்றே சொல்லும். நூலகத்தில் இருக்கும் ஒவ்வொரு டி.என்.ஏ. வரிசைக்கும் பின்னால் ஒரு பூச்சியின் உடல் இருக்க வேண்டும், அதைக் காலைப் பார்த்து, வயிற்றைப் பிரித்துப் பார்த்து, மூலமாதிரியோடு ஒப்பிட்டு ஒருவர் பெயர் சொல்லியிருக்க வேண்டும். டி.என்.ஏ. வந்ததால் அந்த வல்லுநர் தேவையில்லை என்று பேசுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

## இவ்வளவு கவலை எதற்கு?

உலகத்தில் அதிகமாக ஆரஞ்சு வகைப் பழங்களை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் தென்னாப்பிரிக்கா முன்வரிசையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜனவரி முதல் இந்தப் பூச்சியை உள்ளே விடக்கூடாத பட்டியலில் வைத்துக் கட்டுப்பாடுகள் போட்டது, 2022-ல் ஆரஞ்சுகளைக் குளிரில் வைத்துப் புழுவைக் கொல்லும் விதியை இறுக்கியது. நெதர்லாந்தில் 2009-ல் ஒரு கண்ணாடிக் கூடத்தில் மிளகாய்ச் செடியில் இது தென்பட்டு அழிக்கப்பட்டது, ஐரோப்பாவின் பயத்துக்கு அப்படிக் காரணங்கள் உண்டு. தென்னாப்பிரிக்கா இந்த விதிகள் அளவுக்கு மீறியவை என்று உலக வர்த்தக அமைப்பு வரை போயிருக்கிறது. கென்யாவிலிருந்து போகும் ரோஜாக்களும் இதே சோதனைக்கு உள்ளாகின்றன. பெட்டிக்குள் கிடைத்த புழு கரோப் பூச்சியா பொய்க் காட்லிங்கா என்பதில் தோட்டக்காரரின் ஒரு வருட வருமானம் தொங்குகிறது.

தோட்டத்துக்குள்ளும் அப்படித்தான். இந்தப் பூச்சியைத் தாக்கும் ஒரு வைரஸைத் தென்னாப்பிரிக்காவில் தெளிக்கிறார்கள், அது குறிப்பாக இந்த இனத்தின் புழுவுக்கானது. வேறு பூச்சியைத் தவறாக இது என்று நினைத்துத் தெளித்தால் காசும் போயிற்று, பழமும் போயிற்று. அந்த வைரஸை இன்னமும் கிரிப்டோஃப்ளேபியா லூகோட்ரீட்டா கிரானுலோவைரஸ் என்றுதான் அழைத்துப் பழகியிருக்கிறார்கள். பூச்சி வீடு மாறிவிட்டது, அதன் நோய் பழைய இன்ஷியலையே வைத்துக்கொண்டிருக்கிறது.

இதனால் ஒரு நடைமுறை விஷயம் உண்டு. இந்தப் பூச்சியைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றால் இன்றைய பெயரை மட்டும் தேடினால் 1999-க்கு முந்திய எழுத்துகள் பெரும்பாலும் கிடைக்காது, மூன்று பேரினப் பெயர்களையும் போட்டுத் தேட வேண்டும். நம் ஊர் தக்காளித் தோட்டத்துக்கும் இது பொருந்தும். 2014-ல் இந்தியாவுக்குள் வந்த தென்னமெரிக்கத் தக்காளி இலைத்துளைப்பான், டூட்டா அப்சொலூட்டா என்று எல்லோரும் சொல்வது, அதற்கும் பெயர் வைத்தவர் இதே மெய்ரிக்தான். 1917-ல் அவர் வைத்த பேரினம் ஃப்தோரிமேயா. அதற்கப்புறம் நாலு பேரினங்களுக்கு மாறிச் சுற்றி, 2021-ல் ஆய்வாளர்கள் அதை மறுபடியும் ஃப்தோரிமேயாவுக்கே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே தக்காளிப் புழுவுக்கு மருந்து தேடும்போது ஃப்தோரிமேயா அப்சொலூட்டா என்று கண்ணில் பட்டால் அதைப் புதுப் பூச்சி என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.